‘இன்னும் தயாராகவில்லை’ என்பதற்கு எத்தனை பொருள்

ஞாயிற்றுக்கிழமை இரவு, மகன் தூங்கிய பிறகு, சமையலறை மேடையில் ஆரஞ்சு நிறக் குப்பியைக் கவிழ்த்து எண்ணினேன். நான்கு மாத்திரைகள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கணிதத் தேர்வு. மருந்தகத்தின் செயலியைத் திறந்தால், மூன்று நாட்களாக இருந்த அதே வரி: ‘இன்னும் தயாராகவில்லை.’

இந்த வரியோடு இரண்டு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகிறேன். முதல் ஆறு மாதம் அதை நம்பினேன். தயாராகவில்லை என்றால் யாரோ தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்றுதான் எண்ணினேன். அப்படி இல்லை. அந்தக் குப்பி எங்கோ ஒரு மேசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். எந்த மேசை என்பதை மருந்தகம் தானாகச் சொல்லாது. நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஏழு வயதில் ஏ.டி.எச்.டி., அதாவது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத குறைபாடு, என்று கண்டறிந்தார்கள். சேட்டைக்காரன் இல்லை. ஒரு காலுறையைப் போட்டுக்கொண்டு மற்றொன்றைத் தேடிப் போவான். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வரும் வெயிலில் தூசி பறப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிப் பேருந்து போயிருக்கும். ஊரிலிருந்து அத்தை போனில், “சின்னப் பிள்ளை அப்படித்தான் இருக்கும், இதற்குப் போய் மாத்திரையா?” என்று பல மாதங்கள் வருந்தினார். அந்த விவாதத்தை இங்கே எழுதப் போவதில்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சியோடு மருந்தையும் சேர்த்துத் தருமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டையும் செய்தோம். பேருந்து தவறுவது நின்றது. எங்களுக்கு அது போதும்.

அவன் எடுப்பது மெத்தில்ஃபெனிடேட், பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்ல வெளியாகும் வகை, 27 மில்லிகிராம். 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து இது. தன் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ‘ரீட்டா’வை வைத்து அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார். இத்தனை பழைய மருந்தை வாங்குவதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று தொடக்கத்தில் நினைத்தேன்.

சிரமத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டும், அதே குறைபாட்டுக்குத் தரும் அட்ரால், வைவான்ஸ் போன்ற ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளும் அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகள் இருக்கும் அதே அட்டவணை. இதில் உள்ள எந்த மருந்துக்கும் ரீஃபில் கிடையாது. இரத்த அழுத்த மாத்திரைக்கு ஒருமுறை எழுதிய சீட்டை வைத்து ஓராண்டு வாங்கலாம். இதற்கு ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு வேண்டும். எங்கள் காப்பீடு ஒரு முறைக்கு முப்பது நாள் மருந்துதான் தரும். ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இந்தக் கூத்து.

எங்களுக்கு முதலில் புரியாமல் போனது இதுதான். செயலியில் ‘மீண்டும் வாங்கு’ என்ற பொத்தான் இருக்கும். அழுத்துவோம். அதுவும் ‘கோரிக்கை பெறப்பட்டது’ என்று பவ்யமாகச் சொல்லும். எங்கும் எதுவும் நடக்காது. ரீஃபில் இல்லாத மருந்துக்கு அந்தப் பொத்தானை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்க வேண்டிய இடம் மருத்துவரின் அலுவலகம். அங்கும் போனில் வேண்டாம், நோயாளிகளுக்கான இணையதளத்தில் எழுத்தில் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்தக் கிளை மருந்தகம், கடைசி மாத்திரை எந்தத் தேதி ஆகிய நான்கும் ஒரே செய்தியில் இருக்கட்டும். நான் கடைசி மாத்திரைக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் செவிலியர் விடுப்பில் போனாலும் அடுத்தவர் கண்ணில் படும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது தெரியவே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. மொத்தம் தொண்ணூறு நாள் வரை வரும்படி, மூன்று தனித்தனிச் சீட்டுகளை மருத்துவர் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இன்ன தேதிக்கு முன் கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் குறித்திருப்பார். மத்திய விதிகள் 2007 முதலே இதை அனுமதிக்கின்றன. சில மாநிலங்களும் சில மருத்துவமனைகளும் இதை ஏற்பதில்லை, ஆனால் கேட்டால்தானே தெரியும். எங்கள் மருத்துவர், “நீங்கள் கேட்கவில்லையே” என்றார்.

ஞாயிறு இரவுக்கு வருகிறேன். அந்த மாதம் சீட்டு சரியாகப் போயிருந்தது. அப்படியானால் வேறெங்கோ மாட்டியிருக்கிறது.

திங்கள் காலை மருந்தகத்துக்குப் போன் செய்தேன். இருபத்தைந்து நிமிடம் பியானோ இசை. பிறகு ஓர் இளைஞர் வந்து, “காப்பீடு ஏற்கவில்லை சார்” என்றார். முன்பெல்லாம் இந்த இடத்தில் நன்றி சொல்லி வைத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து இன்னொரு முறை பியானோ கேட்பேன். அங்கே, “எங்கள் பக்கம் ஒரு தடையும் இல்லையே” என்பார்கள். இப்போது ஒரு கேள்வி கேட்கக் கற்றிருக்கிறேன்: “எந்த எண்ணில் நிராகரித்திருக்கிறது?”

மருந்தகக் கணினி காப்பீட்டுக்குக் கோரிக்கை அனுப்பும்போது, மறுப்பு ஒரு குறியீட்டு எண்ணோடுதான் திரும்பி வருகிறது. நாடு முழுவதும் ஒரே எண்கள்தான். 70 என்றால் இந்த மருந்து உங்கள் திட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. 75 என்றால் முன் அனுமதி வேண்டும். 76 என்றால் அளவு வரம்பு மீறியது. 79 என்றால் நாள் ஆகவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள். இந்த நான்கு எண்களையும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய வாசல் வேறு. 70-க்கும் 75-க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். 76-க்குச் சீட்டில் உள்ள எண்ணிக்கையை முதலில் சரிபார்க்க வேண்டும். 79-க்கு யாரிடமும் போய்ப் பயனில்லை, நாள்காட்டியிடம்தான் போக வேண்டும்.

79 எங்களை ஒருமுறை நன்றாகவே படுத்தியது. கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் ஊருக்குக் கிளம்பினோம். சாதாரண மருந்தென்றால் பயணத்துக்கென்று கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். இரண்டாம் அட்டவணை மருந்துக்கு அதைப் பலரும் தருவதில்லை. எங்களுக்கும் தரவில்லை. மருத்துவரிடம் பேசி, மே மாதத்திலிருந்தே சனி, ஞாயிறுகளில் மாத்திரை கொடுக்காமல் சேர்த்து வைத்தோம். இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய முடியாது, மருத்துவரைக் கேட்காமல் செய்யவும் கூடாது. இந்தியாவிலும் மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. எனவே மருந்தகத்தின் முத்திரையுள்ள அசல் குப்பியிலேயே, மருத்துவரின் கடிதத்தோடு, கைப்பையில் எடுத்துச் சென்றோம். அழகான வாராந்திர டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

திங்கள் காலை இளைஞர் சொன்ன எண் 75.

காரணம் உடனே விளங்கியது. ஜனவரியில் நான் வேலை மாறியிருந்தேன். வேலை மாறினால் காப்பீடு மாறும். காப்பீடு மாறினால் பழைய நிறுவனம் கொடுத்த முன் அனுமதி செல்லாக்காசு. பையன் அதே பையன், மாத்திரை அதே மாத்திரை, மருத்துவரும் அவரே. ஆனால் புதிய நிறுவனத்தைப் பொறுத்தவரை அவன் நேற்றுப் பிறந்தவன். வேலை மாறுகிறவர்கள் சம்பளம் பேசும் நாளிலேயே புதிய திட்டத்தின் மருந்துப் பட்டியலை மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். பழைய வேலையின் கடைசி வாரத்தில் ஒரு குப்பி வாங்க நாள் ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. விசா தாள்களை எல்லாம் மூன்று பிரதி எடுத்து அடுக்கியவன், இதை மறந்தேன்.

இந்த மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி. பரம்பரையில் வருவது சகஜம். மகனைச் சோதித்த மருத்துவர் எங்கள் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டே என் சட்டைப் பையைப் பார்த்தார். அன்று காலை முழுவதும் நான் தேடிய கார் சாவி அதில்தான் இருந்தது. தேதி பிசகாமல் நினைவில் வைத்து, நாற்பது நிமிடம் போனைக் காதில் வைத்துக் காத்திருந்து, மூன்று அலுவலகங்களுக்கு மூன்று எண்களைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்த மருந்து கிடைக்கும். அது தெரிந்த குடும்பத்துக்கு இந்த மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இந்த வேடிக்கையை நினைத்துச் சில நாள் சிரித்திருக்கிறேன், சில நாள் சிரிக்க முடிந்ததில்லை.

முன் அனுமதி என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மருத்துவர் ஒரு படிவம் நிரப்பிக் காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். என்ன நோய், இதற்கு முன் எந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவை ஏன் பலிக்கவில்லை. பல திட்டங்கள் விலை குறைந்த மருந்தை முதலில் கொடுத்துப் பார்த்து, அது தோற்ற பிறகுதான் அடுத்த படிக்கு ஏறவிடும். அதனால் முந்தைய தோல்விகளின் வரலாறுதான் உங்கள் ஆயுதம். ஒரு நாற்பது பக்க நோட்டில் என் மனைவி எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். குறுகிய நேர மாத்திரை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. பதினோரு மணிக்கு வேகம் இறங்கியது. மதிய மாத்திரைக்குப் பள்ளிச் செவிலியரிடம் போக மறந்தான். எடை குறைந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, திங்கள் மதியமே மருத்துவர் அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம், “படிவத்தை அனுப்பிவிட்டோம்” என்றது. காப்பீடு, “எங்களுக்கு வரவில்லை” என்றது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. படிவம் பழைய காப்பீட்டுக்குப் போயிருந்தது. மருத்துவர் அலுவலகக் கணினியில் புதிய அட்டை ஏறவே இல்லை. அட்டையில் உறுப்பினர் எண்ணைத் தவிர, மருந்துக்கென்றே ‘பின்’ (BIN), ‘பி.சி.என்.’ (PCN) என்று தனி எண்கள் இருக்கும்; கோரிக்கை எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதை அவைதான் காட்டும். காப்பீட்டு நிறுவனம் ஒன்று, மருந்துப் பகுதியை அதற்காக நிர்வகிக்கும் நிறுவனம் வேறொன்று. போன் எண்ணும் வேறு. அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து மருந்தகம், மருத்துவர் இரு இடத்துக்கும் அனுப்புங்கள். வாயால் சொல்லும் எண்ணில் ஒரு பூஜ்யம் எப்படியும் விழுந்துவிடுகிறது.

அன்றுதான் மூவர் அழைப்பைச் செய்து பார்த்தேன். காப்பீட்டுப் பெண் இணைப்பில் இருக்கும்போதே, “ஒரு நிமிடம், மருத்துவரின் அலுவலகத்தையும் இந்த அழைப்பில் சேர்க்கட்டுமா?” என்றேன். அவர் தயங்கினார், மறுக்கவில்லை. இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பேசியதும் இரண்டு நாள் வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது. அதுவரை ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போய்ச் சொல்லும் தூதுவனாக ஓடிக்கொண்டிருந்தேன். தூது போகிறவன் சொல்லில் எப்போதும் ஏதாவது ஒன்று குறைந்துவிடும்.

இன்னொன்றும் அந்தப் பெண்தான் சொன்னார், நல்ல மனம். “மருத்துவரை ‘அவசரம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள்” என்றார். நோயாளியின் நிலை தெரிந்த மருத்துவர் அவசரம் என்று சொன்னால், வேலையிடத்துக் காப்பீட்டுத் திட்டங்கள் அதை அவசரமாகவே எடுத்துக்கொண்டு, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது மத்திய விதி. நாம் எத்தனை முறை அவசரம் என்று சொன்னாலும் அந்தப் பலம் வராது.

மறுப்பு வந்தால் சோர்ந்து விடாதீர்கள். பழைய காப்பீட்டில் எனக்கு ஒருமுறை வந்தது. மேல்முறையீடு செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. அதிலும் மறுத்தால், மருத்துவக் காரணத்துக்காக மறுத்த வழக்குகளில், நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் மதிப்பாய்வாளரிடம் போக நான்கு மாத அவகாசம் உண்டு. மறுப்புக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், காரணம் அதில்தான் இருக்கும். எனக்கு வந்த கடிதத்தில், ‘முந்தைய சிகிச்சை விவரம் இணைக்கப்படவில்லை’ என்று ஒரே வரி. விவரத்தை இணைத்து அனுப்பினோம், முடிந்தது. பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சேதி. பல நேரங்களில் சிகிச்சைப் பணத்தை உண்மையில் கொடுப்பது உங்கள் நிறுவனமே, காப்பீட்டுக் கம்பெனி நிர்வாகம் மட்டும் செய்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தில் மனிதவளத் துறையின் ஒரு மின்னஞ்சல், நம்முடைய பத்து அழைப்புகள் செய்யாததைச் செய்துவிடும்.

புதன் மதியம் இரண்டு மணிக்கு அனுமதி வந்தது. குப்பியில் ஒரு மாத்திரை பாக்கி. நேராக மருந்தகத்துக்கு ஓட்டினேன். எனக்கு முன்னால் ஆறு பேர். கவுன்ட்டரில் அதே இளைஞர். திரையைப் பார்த்தார், மகிழ்ந்தார், “அனுமதி வந்துவிட்டது” என்றார். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

“27 இல்லை சார். 18 இருக்கிறது, 54 இருக்கிறது.”

“எப்போது வரும்?”

“சொல்ல முடியாது.”

இந்தச் ‘சொல்ல முடியாது’ அவர் குற்றம் இல்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அட்ராலின் உடனடி வகைக்குத் தட்டுப்பாடு என்று மத்திய உணவு மருந்து நிர்வாகம் 2022 அக்டோபரில் அறிவித்தது. தேவை அதன் மாற்றுகளின் பக்கம் திரும்பி, மற்ற மருந்துகளும் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. இந்த வகை மருந்துகள் ஆண்டுக்கு எவ்வளவு தயாராகலாம் என்று மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு உச்சவரம்பு வைக்கிறது. எல்லாப் பழியையும் அந்த வரம்பின் மேல் போட நினைத்தேன். ஆனால் 2023 ஆகஸ்டில் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட கடிதம் வேறொன்று சொன்னது. 2022-இல் ஆம்ஃபெட்டமின் மருந்து தயாரிப்பாளர்கள் தங்களுக்கு ஒதுக்கியதில் சுமார் 70 சதவீதம்தான் விற்றிருக்கிறார்கள், இன்னும் சுமார் நூறு கோடி டோஸ் தயாரித்திருக்கலாம் என்றது அது. ஆக, வரம்பு வைத்தவர் தயாரிப்பவரைக் கை காட்டுகிறார். மொத்த விற்பனையாளர், ஒரு கடைக்கு மாதம் இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிறார். கடைக்காரர் மொத்த விற்பனையாளரைக் கை காட்டுகிறார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குக் காட்ட ஆள் இல்லை.

புதன் மாலை பதினோரு மருந்தகங்களை அழைத்தேன். பாதிப் பேர் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தின் இருப்பைப் போனில் சொல்ல மாட்டோம் என்றார்கள். அதில் நியாயம் உண்டு, கொள்ளை பயம். ஆனால் கேட்கும் விதத்தை மாற்றினால் பதில் மாறுகிறது. “உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டால் சொல்ல முடியாது என்பார்கள். “என் மகனுக்கு ஒன்பது வயது, சீட்டு மருத்துவரிடம் தயார், இன்றைக்கு உங்களுக்கு அனுப்பச் சொன்னால் நாளை கொடுக்க முடியுமா?” என்று கேட்டால், முடியும் அல்லது முடியாது என்று ஒரு பதில் வரும். காலை திறந்த ஒரு மணி நேரம் கழித்துக் கேட்பது நல்லது. மதிய உணவு நேரத்தில் பல கடைகள் கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். பெரிய தொடர் கடைகளைவிட, ஒரே குடும்பம் நடத்தும் சிறிய மருந்தகங்களில் எனக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

சீட்டை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றுவது தனிக் கதை. 2023 ஆகஸ்டு முதல், மின்னணு முறையில் வந்த, இன்னும் வழங்கப்படாத சீட்டை, நாம் கேட்டால் ஒருமுறை வேறு மருந்தகத்துக்கு மாற்ற மத்திய விதி இடம் கொடுக்கிறது, மாநிலச் சட்டம் தடுக்காதவரை. விதி இருக்கிறது, எங்கள் மருந்தகத்தின் கணினியில் அதற்கான வழி இல்லை என்றார்கள். மருத்துவர் அலுவலகத்தை அழைத்து, பழையதை ரத்து செய்து புதிய கடைக்கு அனுப்பச் சொன்னேன். பழையதை ரத்து செய்யச் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு கடையில் இரண்டு சீட்டு நின்றால் முதல் கடை காப்பீட்டில் கணக்கை முடித்துவைத்திருக்கும், இரண்டாவது கடைக்கு 79 வரும். இந்தத் தவறையும் நான் செய்தாயிற்று.

இதற்கிடையே மருத்துவர் வேறு யோசனைகளும் சொன்னார். இரண்டாம் அட்டவணையில் வராத மருந்துகள் உண்டு: அட்டோமாக்செட்டின், குவான்ஃபசின், குளோனிடின், வைலாக்சசின். இவற்றுக்கு ரீஃபில் உண்டு, இந்த அலைச்சல் இல்லை. சில குழந்தைகளுக்கு நன்றாகவே கேட்கின்றன. எங்கள் மகனுக்குக் குவான்ஃபசின் பகலில் தூக்கத்தைத்தான் தந்தது. அதை எடுக்கும் குழந்தைகள் இருந்தால் ஒன்று: திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும், எனவே அந்தக் குப்பியைக் காலியாகவிடவே கூடாது.

வியாழன் காலை கடைசி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இருபது மைல் தள்ளியிருந்த சிறிய மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளுநர் என் அம்மா வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அலமாரியைத் திறந்து பார்த்தார். “பத்துதான் இருக்கிறது. மீதி அடுத்த வாரம் வரலாம்” என்றார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. கடையில் போதிய இருப்பு இல்லாமல் குறைத்துக் கொடுத்தால், மீதியை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் மீதி செல்லாது, புதிய சீட்டு வேண்டும். ஆனால் குறைவாகக் கொடுங்கள் என்று நோயாளியோ மருத்துவரோ கேட்டால், மாநிலச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சீட்டு எழுதிய நாளிலிருந்து முப்பது நாள் வரை மீதியை வாங்கலாம். ஒரே பத்து மாத்திரை, யார் கேட்டது என்பதைப் பொறுத்து இரண்டு சட்டம். அந்தப் பெண்மணியே சொன்னார்: “பத்து மட்டும் போதும் என்று நீங்கள் கேட்டதாகக் குறித்துக்கொள்ளட்டுமா?” எத்தனை முறை வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லத் தோன்றியது. சரி என்றேன். இப்படி இரண்டு தவணையாக வாங்கினால் சில காப்பீடுகள் இரண்டு முறை நம் பங்கைக் கேட்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்கவில்லை.

பத்து மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். இது என் வழக்கம். இந்தப் பன்னிரண்டு மணி நேர வகையின் அசல் மாத்திரை நீள உருளையாக, ‘அல்சா 27’ என்ற எழுத்தோடு, ஒரு முனையில் ஊசிமுனையளவு துளையோடு இருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்து, பஞ்சு போன்ற ஓர் அடுக்கு ஊதி, மருந்தை அந்தத் துளை வழியாக மெல்லத் தள்ளும். ஓடு கரையாமல் மலத்தோடு வெளியே வந்துவிடும். முதல் வாரம் மகன் கழிவறையிலிருந்து, “அப்பா, மாத்திரை அப்படியே வந்துவிட்டது, இன்னொன்று கொடுங்கள்” என்று கத்தினான். கொடுக்கவில்லை. மருந்தோடு வந்த தாளைப் படித்ததால் தப்பித்தோம். அதே மருந்தை வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் ஜெனரிக் மாத்திரைகள் எல்லாமே இப்படித் துளை வழியாக வேலை செய்வதில்லை. 2014 நவம்பரில் உணவு மருந்து நிர்வாகம், இரண்டு நிறுவனங்களின் ஜெனரிக், நாளின் பிற்பகுதியில் அசல் அளவுக்கு மருந்தை வெளியிடாமல் இருக்கலாம் என்று சொல்லி, அவற்றை இணையானவை என்ற நிலையிலிருந்து இறக்கியது. எனவே மாத்திரையின் வடிவம் மாறினால் குப்பி வாங்கும்போதே தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் பையனிடம் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல ஆதாரம் வேண்டுமே. இந்தப் பத்தும் துளையுள்ளவை.

பணம் கட்டும்போது இன்னொரு கேள்வியும் கேட்டேன்: காப்பீடு இல்லாமல் எவ்வளவு? சில மாதங்களில் அது நம் பங்கைவிடக் குறைவாக இருக்கும். அதை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று மருந்தகங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களை 2018 அக்டோபரில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் கேட்டால்தான் பலர் சொல்வார்கள். காப்பீட்டைத் தவிர்த்துக் கட்டும் தொகை பெரும்பாலும் ஆண்டுக் கழிவுத் தொகைக் கணக்கில் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) ஏறாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அன்று காப்பீட்டு விலையே குறைவு.

வெள்ளி காலை ஏழு மணிக்கு மாத்திரையை விழுங்கினான், இரண்டு காலுறையும் போட்டான், பேருந்தைப் பிடித்தான். தேர்வில் எல்லாக் கணக்கையும் முடித்திருந்தான், தாளில் பெயர் எழுத மறந்திருந்தான். யாருடைய தாள் என்று கண்டுபிடிக்க ஆசிரியைக்கு அதிக நேரம் ஆகவில்லையாம். ஓரத்தில் தூசி பறப்பது போல் சின்னச் சின்னப் புள்ளிகள் வரைந்திருந்தானாம்.

மீதி இருபதை அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்மணியிடமே போய் வாங்கினேன். காருக்குத் திரும்பியதும், கிளம்புவதற்கு முன்பே, அடுத்த மாதத்துக்கான செய்தியை மருத்துவர் அலுவலகத்துக்கு எழுதினேன்: மருந்தின் பெயர், அளவு, கடைசி மாத்திரையின் தேதி, இந்தக் கடையின் முகவரி.